வாயிற்காவல் மட்டும் மொழியைக் காக்குமா?

(புதுவையில் நடைபெற்ற திங்கட்கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

    

சென்றமுறை இவ்வவையில் யான் பேசி அமர்ந்தபின், இளைஞர் ஒருவர் எழுந்து ஒரு வினாத் தொடுத்தார். "ஐயா, பிழைப்புத் தேடித் தன் நிலத்திற்கு வரும் அயல்நாட்டுத் தொழிலாளர்க்கு, இத்தனை பேர்தாம் வரலாம் என்று ஒரு மொழியினம் எண்வரம்பு கட்டலாமா? கட்டினால் அஃது அறமாகுமா? கட்டாவிட்டால் அம்மொழி பிழைக்குமா?" என்று கேட்டார். அன்று யான் விடை கூறவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோற் கூறுதல் ஆசிரியத் தொழிலுக்கு இழுக்கு. "படித்து வந்து சொல்கிறேன், தம்பி" என்றேன். படித்து வந்திருக்கின்றேன். தம்பியும் முதல் வரிசையில் அமர்ந்திருக்கின்றார். ஆதலின் இனித் தப்ப வழியில்லை!

இவ்வினாவை வெறும் கருத்தளவில் ஆராய்ந்தால் ஆளுக்கொரு முடிவு பிறக்கும். அதனை உண்மையில் எதிர்கொண்ட மக்களினம் ஒன்றனை எடுத்துக்கொண்டு, அவர்கள் என் செய்தார்கள், அதனால் என்ன விளைந்தது என்று பார்ப்பதே நேரிய முறை. யான் எடுத்துக்கொண்டது கனடா நாட்டின் கியூபெக் மாநிலம். அங்கு வாழ்வோரிற் பெரும்பாலார் பிரெஞ்சு மொழியினர்.

பிரெஞ்சு, புதுவை மக்களுக்குப் புதிதன்று. 1954 வரை இங்கு ஆட்சிக்கட்டிலில் அமர்ந்திருந்த மொழி அது. நமக்கு அஃது ஆண்டவர் மொழி. கியூபெக்கிலோ அஃது ஆளப்பட்டவர் மொழி. மொழிக்குத் தன்னளவில் வன்மையும் இல்லை, மென்மையும் இல்லை. அதனைப் பேசுவார் கையில் ஆட்சி உண்டா இல்லையா என்பதே அதன் நிலையை வரையறுக்கின்றது. இதனை முதற்கண் நெஞ்சில் நிறுத்துங்கள்.

ஒன்றை மறைக்காமற் சொல்லிவிடுகின்றேன். அந்நிலத்தின் முதற்குடிகள் பிரெஞ்சுக்காரரும் அல்லர், ஆங்கிலேயரும் அல்லர். கிரீ, மோகாக்கு, இனுவிட்டு முதலிய பழங்குடி மக்களே அதன் மூத்த உரிமையாளர். பிரெஞ்சுக்காரர் தாமும் கடல்கடந்து குடியேறியவரே. வந்தேறிய இனம் ஒன்று பின்னர்ப் பிறர் வருகையை அஞ்சும் நிலைக்கு உள்ளாயிற்று என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

1763-ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கையால் அந்நிலம் பிரித்தானியர் கைக்கு மாறியது. அறுபது எழுபது ஆயிரம் பிரெஞ்சு உழவர்கள் தாய்நாட்டின் துணையற்று நின்றார்கள். 1837, 1838-ஆம் ஆண்டுகளில் அவர்கள் கிளர்ந்தெழுந்தபோது, காரணம் ஆராயத் தர்காம் பெருமகனார் என்பாரை இலண்டன் அரசு அனுப்பியது. 1839-இல் அவர் அளித்த அறிக்கை, பிரெஞ்சுக் கனடியரை வரலாறும் இலக்கியமும் இல்லாத மக்கள் என்று எழுதியது. அவர் சொன்ன மருந்து யாது? மேல்கனடாவையும் கீழ்கனடாவையும் ஒன்றாக இணைத்துவிடுதல், ஆங்கிலக் குடியேற்றத்தைப் பெருக்குதல், எண்ணிக்கையால் அவர்களைச் சிறுபான்மையாக்கி நாளடைவில் ஆங்கிலருள் கரையச் செய்தல். 1841-இல் அவ்விணைப்பு நடைமுறைக்கு வந்தது.

ஆகவே, அன்பர்களே, குடியேற்றத்தில் எண்ணிக்கை பார்த்தலை முதலிற் படைக்கலமாகக் கொண்டவர்கள் கியூபெக் மக்கள் அல்லர். அவர்கள்மேல் அப்படைக்கலம் முதலில் ஏவப்பட்டது. இந்தப் பழைய வடுவை அறியாதார், இன்று அவர்கள் வாயிலில் நின்று தலை எண்ணுவதைக் கண்டு, "இவர்கள் குறுகிய மனத்தர்" என்று எளிதிற் பழித்துவிடுவர்.

தர்காம் எண்ணியபடி அவர்கள் கரைந்துபோகவில்லை. காரணம் மிக எளிது. வீடுதோறும் எட்டும் பத்துமாகப் பிள்ளைகள் பிறந்தனர். ஊர்தோறும் கோயிலும் பள்ளியும் பிரெஞ்சிலேயே நடந்தன. நூற்றிருபது ஆண்டுகள் தொட்டில்தான் அம்மொழிக்குக் கோட்டையாக நின்றது. ஆனால் 1960-களில் அந்நாடு விரைந்து மாறியது. கல்வி பெருகிற்று, சமயத்தின் பிடி தளர்ந்தது, பிள்ளைப்பேறு சட்டெனக் குறைந்தது. தொட்டில் வெறுமையாகவே, வாயிலைப் பற்றிய கவலை பிறந்தது. இனி மக்கள்தொகையைத் தாங்க வேண்டியவர்கள் வெளியிலிருந்து வருவோரே. அவர்கள் எம்மொழியைத் தம் மொழியாகக் கொள்வார்கள்?

கொண்டது ஆங்கிலத்தை. அதற்காக அவர்களைக் குறைகூறுதல் தவறு. மொன்றியல் நகரின் பெருவணிகமும் நல்ல சம்பளமும் ஆங்கிலர் கையில் இருந்தன. பிழைக்க வந்த தந்தை, தன் பிள்ளை எம்மொழியிற் படித்தால் உயருவான் என்று பார்ப்பானேயன்றி, எம்மொழி நலிகின்றது என்று பார்ப்பானா? 1970-களின் தொடக்கத்தில், ஆங்கிலமோ பிரெஞ்சோ தாய்மொழியாக இல்லாத பிள்ளைகளுள் நூற்றுக்கு 15 பேர் அளவினரே பிரெஞ்சுப் பள்ளிகளிற் பயின்றனர். எஞ்சியோர் ஆங்கிலப் பள்ளிகளில்! பிரெஞ்சுக்காரர் எண்பது விழுக்காடு வாழும் மாநிலத்தில் இந்நிலை!

மொன்றியலை அடுத்த செயிண்டு இலியோனார்டு என்னும் ஊரில் இத்தாலியத் தொழிலாளர் பலர் குடியேறியிருந்தனர். அவர்தம் பிள்ளைகள் இனிப் பிரெஞ்சிலேயே படிக்க வேண்டும் என்று அவ்வூர்ப் பள்ளி வாரியம் 1968-இல் முடிவுசெய்தது. பெற்றோர் எதிர்த்தனர், 1969-இல் தெருவிற் கலகம் மூண்டது. அவ்வாண்டே மாநில அரசு 63-ஆம் சட்டத்தை இயற்றி, பயிற்றுமொழியைப் பெற்றோர் விருப்பத்திற்கு விட்டது. 1974-இல் 22-ஆம் சட்டம் பிரெஞ்சை ஒரே ஆட்சிமொழியாக்கியது. இறுதியாக, 1977 ஆகத்துத் திங்களில், கமீல் இலோரான் என்னும் உளமருத்துவர் அமைச்சராக இருந்து கொணர்ந்த 101-ஆம் சட்டம் வந்தது. புதிதாக வருவோர் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளியிலேயே படிக்க வேண்டும். 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்கள் பிரெஞ்சிலேயே தொழில் நடத்த வேண்டும் என்று அது வகுத்தது. 2022-இல் வந்த 96-ஆம் சட்டத்தால், 2025 முதல் 25 பேர் பணிபுரியும் நிறுவனங்களும் இக்கடப்பாட்டுக்கு உட்பட்டுள்ளன.

இதன் விளைவைக் கேளுங்கள். பிறமொழிப் பிள்ளைகளுள் நூற்றுக்கு 15 பேர் பயின்ற பிரெஞ்சுப் பள்ளிகளில், பின்னாளில் ஏறத்தாழ 90 பேர் பயின்றனர். வந்தவர் எண்ணிக்கையைக் குறைத்ததனால் இது நிகழ்ந்ததன்று. வந்தவர் பிள்ளையைத் தம் பள்ளியில் அமர்த்திக்கொண்டதனால் நிகழ்ந்தது. இவ்வொரு செய்தியைத் தம்பி குறித்துக்கொள்ள வேண்டும்.

இனி எண்வரம்புக்கு வருவோம். கனடாவின் 1867-ஆம் ஆண்டு அரசியற் சட்டத்தின் 95-ஆம் பிரிவு, குடியேற்றம், வேளாண்மை ஆகிய இரண்டிலும் நடுவணரசும் மாநிலங்களும் சட்டம் இயற்றலாம் என்கின்றது. முரண்பட்டால் நடுவணரசின் சட்டமே வெல்லும். ஏட்டில் இருந்த அவ்வுரிமையைக் கியூபெக் நூறாண்டுகள் கையாளவில்லை. 1968-இற்றான் தனக்கெனக் குடியேற்ற அமைச்சு ஒன்றை நிறுவியது. அதன்பின் படிப்படியாக ஏறியது. 1971-இல் ஓர் உடன்படிக்கை: வெளிநாடுகளில் உள்ள கனடிய அலுவலகங்களில் கியூபெக்கின் ஆளும் அமர்ந்து அறிவுரை கூறலாம். 1975-இல் இன்னொன்று: குடியேற விரும்புவோரைப் பற்றிய கியூபெக்கின் கருத்தைக் கேட்டாக வேண்டும். 1978-இல் மூன்றாவது: கியூபெக் தன் அளவுகோலால் தானே ஆளைத் தேர்ந்தெடுக்கலாம். 1991-இல் நான்காவது, இன்றளவும் நடைமுறையிலிருப்பது அதுவே.

இவ்வேற்றத்தின் முறையைக் கருதுங்கள். முதலிற் கேட்டது பார்க்கும் உரிமை. அடுத்தது சொல்லும் உரிமை. அதற்கடுத்தது தேரும் உரிமை. ஒரே நாளில் அனைத்தும் கேட்டு, ஒன்றும் பெறாது முழங்கிக்கொண்டிருக்கவில்லை. இருபதாண்டுகளில், ஆட்சிக்கு வந்த கட்சிகள் பல மாறியும், இக்கோரிக்கை மட்டும் மாறவில்லை.

1991-ஆம் ஆண்டு உடன்படிக்கை கியூபெக்குக்கு அளித்தவை யாவை? நாட்டு மக்கள்தொகையில் தனக்குள்ள பங்கின் அளவுக்குக் குடியேறிகளைப் பெறலாம். மக்கட்பெருக்கக் காரணத்திற்காக நாட்டு மொத்தத்தில் இன்னும் 5 விழுக்காடு மிகுத்தும் பெறலாம். தொழில்வழி வருவோரைத் தானே தேரலாம். அத்தேர்வில் பிரெஞ்சறிவுக்கு மதிப்பெண் இடலாம். வந்தவர்க்கு மொழி கற்பிக்கும் பொறுப்பும் அதனுடையது. அச்செலவுக்கு நடுவணரசு ஆண்டுதோறும் பணம் தர வேண்டும். உள்நாட்டில் ஆள் கிடைக்கின்றாரா என்று ஆராய்ந்தே அழைக்கப்படும் இடைக்காலத் தொழிலாளர்க்குக் கியூபெக்கின் இசைவு கட்டாயம். உடன்பாடின்றி ஒருதலையாக இவ்வுடன்படிக்கையை யாரும் மாற்றவியலாது.

இத்துணை உரிமை பெற்றும் நடந்தது என்ன? 2023-இல் கனடா 4,70,000-க்கு மேற்பட்ட நிலைக்குடியேறிகளை ஏற்றது. கியூபெக் ஏற்றவர் ஏறத்தாழ 53,000 பேர். அஃதாவது நூற்றுக்கு 11 அளவு. நாட்டு மக்கள்தொகையில் அதன் பங்கோ 2021-ஆம் ஆண்டுக் கணக்குப்படி 23 விழுக்காடு. பெறக்கூடிய பங்கிற் பாதியைக்கூட அது பெறவில்லை. காரணம், மிகுதியாக வந்தால் பிரெஞ்சு தேயும் என்னும் அச்சம். ஆனால் குறைவாக ஏற்பதனால் இன்னொரு கேடு. 1971-இல் நாட்டு மக்களில் 28 விழுக்காடாக இருந்த கியூபெக், ஐம்பதாண்டில் 23 ஆகச் சுருங்கிற்று. பங்கு குறைந்தால் நாடாளுமன்றத்தில் எடை குறையும். எடை குறைந்தால் உரிமை கேட்கும் குரல் குறையும். மிகுத்தால் மொழிக்கு அச்சம்; குறைத்தால் வலிமைக்கு அச்சம். எண்வரம்பு என்பது இருபுறமும் கூருள்ள வாள் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இதனினும் பெரிய செய்தி ஒன்றுண்டு. முன்வாயிலில் ஆளைத் தேர்ந்து, மொழியறிவை அளந்து, எண்ணி எண்ணி உள்ளே விட்டுக்கொண்டிருந்தபொழுதே, பக்கவாயில் அகலத் திறந்து கிடந்தது. இடைக்காலத் தொழிலாளர், மாணவர், அடைக்கலம் நாடி வந்தோர் என இடைக்கால இசைவில் வாழ்வோர் 2024-இல் கியூபெக்கில் மட்டும் ஏறத்தாழ 6,00,000 பேர். ஆண்டுக்கு ஐம்பதாயிரம் பற்றி அரசியலார் மேடைதோறும் சொற்போர் நடத்திக்கொண்டிருக்க, அதைப்போல் பன்னிரு மடங்கினர் பக்கவாயிலால் வந்து தங்கியிருந்தனர்.

இவர்களை அழைத்தவர் யார்? அயலார் படையெடுத்து வந்தனர் என்று சிலர் பேசுவர். அது பொய். உணவகத்தார் அழைத்தனர், இறைச்சிக்கூடத்தார் அழைத்தனர், முதியோர் இல்லத்தார் அழைத்தனர், கல்லூரிகள் கட்டணத்திற்காக அழைத்தன. உள்ளூரார் செய்ய மறுத்த வேலைக்கு, உள்ளூரார் ஏற்க மறுத்த சம்பளத்திற்கு ஆள் வேண்டியிருந்தது. மேடையில் "மொழி காப்போம்" என்பவர் வீட்டுத் தோட்டத்து வேலைக்கும் அதே ஆள்தான் வேண்டியிருந்தது!

பின்னர் அரசு விழித்துக்கொண்டது. 2024 மார்ச்சுத் திங்களில் குடியேற்ற உரிமை முழுவதையும் தருமாறு கியூபெக் முதல்வர் கேட்டார். நடுவண் தலைமை அமைச்சர் மறுத்துவிட்டார். அவ்வாண்டு செபுதம்பர் முதல், மொன்றியலில் குறைந்த சம்பள வேலைக்கு அயல்நாட்டாரை அழைக்கும் விண்ணப்பங்களைக் கியூபெக் நிறுத்தி வைத்தது; பின்னர் இலாவால் நகரையும் அதிற் சேர்த்தது. வேளாண்மை, கட்டுமானம், உணவுப்பொருள் ஆக்கம், கல்வி, நலவாழ்வு ஆகிய துறைகளுக்கு விலக்களித்தது. நடுவணரசும் தன் பங்கிற்கு, ஒரு நிறுவனத்தின் பணியாளருள் நூற்றுக்குப் பத்தின்மேல் இவ்வகைத் தொழிலாளர் இருத்தலாகாது என்று பெரும்பாலான துறைகளுக்கு வரம்பிட்டது. வேலையின்மை 6 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ள நகரங்களுக்கு இவ்விண்ணப்பங்களை ஏற்பதில்லை என்றது. ஊருக்கு ஒரு வரம்பு, நிறுவனத்திற்கு ஒரு வரம்பு, மாநிலத்திற்கு ஒரு வரம்பு என வேலிமேல் வேலி எழுந்தது.

வேலிக்குள் வந்துவிட்டவன் நிலை என்ன? அதனைத்தான் நாம் கேட்க வேண்டும்.

கியூபெக்கின் வயல்களில் உழைப்போருட் பலர் குவாத்தமாலா நாட்டினரும் மெக்சிக்கோ நாட்டினரும். இளவேனிலில் வந்து, கீரையும் செம்புற்றுப்பழமும் பறித்து, பனி விழுமுன் திரும்புவர். இவர்களுடைய இசைவுத்தாளில் ஒரே முதலாளியின் பெயர்தான் இருக்கும். அவரிடமன்றி வேறெவரிடமும் வேலை செய்தலாகாது. அவர் வேலையை விட்டு நீக்கினால், சம்பளத்தோடு உறைவிடமும் போம். நாட்டில் வேலை செய்து வாழும் வழியே அடைபடும். கொடுமைக்குள்ளானோர் வேறிடத்தில் வேலை செய்ய இசைவு கேட்கலாம் என்று 2019-இல் ஒரு விதி வந்தது. ஆனால் அதனைக் கேட்கவும் அந்நாட்டு மொழி வேண்டும்; மெய்ப்பிக்கச் சான்று வேண்டும்; துணைநிற்க ஆள் வேண்டும். 2023-இல் கனடாவுக்கு வந்து ஆராய்ந்த உலக நாடுகள் மன்றத்தின் தனி ஆய்வர், இம்முறை இக்கால அடிமைத்தனம் விளையும் நிலம் என்று கடுமையாகவே அறிவித்தார்.

அன்பர்களே! இவ்விடத்தில் நம் மொழியின் இரு சொற்களைச் சற்று நோக்குவோம். ஒருவர் புதுநிலத்தில் வந்து வாழ்தலைத் தமிழ் "குடியேறுதல்" என்கின்றது. குடி என்பது வீடு. குடி என்பது குடும்பம். குடி என்பது மரபு. குடி என்பது ஊர் மக்கள். குடியேறினவன் நம் குடிகளுள் ஒரு குடியாகின்றான். மற்றொரு சொல் "கூலி". அது வேலைக்கு ஈடான பொருளை மட்டும் குறித்து, பின்னர் அவ்வேலையைச் செய்யும் ஆளையே குறிப்பதாக இழிந்தது. ஒரு சொல்லில் ஆள் முழுமையாக இருக்கின்றான். மற்றதில் அவன் கையும் முதுகும் மட்டுமே இருக்கின்றன. குடியாக ஏறவிடாமற் கூலியாக மட்டும் வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு எத்துணை அழகான பெயரிட்டாலும், தமிழன் அதனை அடையாளம் காண்பான். ஏன்?

நாம் அந்நிலையில் இருந்தவர்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும், மலையாவின் தொய்வை மரக்காடுகளுக்கும், நேத்தாலின் கரும்பு வயல்களுக்கும் கப்பலேறியவர் நம் முன்னோர். தோட்டத்து வாழ்வின் இறுக்கம் இன்னதென நாம் எவரிடமும் கேட்டறிய வேண்டா. இலங்கையில் நூறாண்டுக்கு மேல் உழைத்த மலையகத் தமிழர் பெரும்பாலாரை 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. 1964-இல் இரு நாட்டுத் தலைமை அமைச்சர்களும் அமர்ந்து அவர்களைக் கணக்கிட்டுப் பிரித்தனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேர் பின்னர்ப் பார்க்கலாம்! அவர்களையும் 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டனர். அம்மக்களை ஒருவரும் ஒருசொற் கேட்கவில்லை. எண்ணிக்கை என்பது ஏட்டில் வெறும் புள்ளி. தாயைக் கப்பலேற்றி மகளைக் கரையில் நிறுத்தும்போதுதான் அது குருதி கசியும்.

ஆதலின், எண்வரம்பைப் பற்றிப் பேசத் தகுதியுடைய இனங்களுள் தமிழினமும் ஒன்று. வேலிக்கு உள்ளே நின்று அஞ்சுவோன் உள்ளமும் நமக்குத் தெரியும். வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்டோன் உள்ளமும் நமக்குத் தெரியும். 1986-இல் நியூபவுண்டுலாந்துக் கடற்கரைக்கு அப்பால், இரண்டு சிறு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த ஈழத்தமிழர் 155 பேரைக் கனடிய மீனவர் காப்பாற்றினர். அவருட் பலர் மொன்றியலிலும் தொரண்டோவிலும் வாழ்வு கண்டனர். 101-ஆம் சட்டத்தின்படி பிரெஞ்சுப் பள்ளியிற் படித்த தமிழ்ப் பிள்ளைகள் பலர் இன்று அந்நகரில் வீட்டில் தமிழும் வெளியிற் பிரெஞ்சுமாக வாழ்கின்றனர். தன் மொழிக்கு அஞ்சிய ஓர் இனம் பிறமொழிப் பிள்ளைக்குப் பள்ளிக்கதவைத் திறந்துவிட்டதனால் விளைந்தது இது.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் மொன்றியலில் உணவகம் ஒன்றிற் சமையற்பணி செய்கின்றார். அவரும் இடைக்காலத் தொழிலாளரே. எழுதினால் பிழையறத் தமிழ் எழுதுவார். அது பற்றி எனக்குச் சற்றுச் செருக்கு உண்டு. சென்ற ஆண்டு அவர் விடுத்த மடல் ஒன்றில் இவ்வாறு எழுதியிருந்தார்: "ஐயா, மாலையில் அடுப்படி வேலை தொடங்குமுன் பிரெஞ்சு வகுப்புக்குச் சென்று வந்தேன். 2024 இலையுதிர் காலத்தில் பணமில்லை என்று அவ்வகுப்பை மூடிவிட்டார்கள். நாங்கள் பிரெஞ்சு கற்பதில்லை என்று செய்தித்தாளில் எழுதுகிறார்கள். பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று அதைப் படித்தேன்."

இம்மடலை யான் பலமுறை படித்தேன். அவர் எழுதியது தனியொருவர் பட்டறிவு மட்டுமன்று. மொழி கற்பிக்கும் பணிகளை ஒருங்கிணைக்க 2023-இல் தனி நிறுவனம் ஒன்றை அமைத்த அதே மாநிலத்தில், அடுத்த ஆண்டே ஒதுக்கிய பணம் தீர்ந்துவிட்டதென வகுப்புகள் பல மூடப்பட்டன. ஆசிரியர் பலர் வேலையிழந்தனர். ஆனால் மூன்றாண்டுக்கு மேல் தங்க விரும்பும் இடைக்காலத் தொழிலாளர் பேச்சுப் பிரெஞ்சில் குறித்த அளவு தேர்ச்சி காட்ட வேண்டும் என்னும் விதி மட்டும் 2025-இல் வந்தது. அவ்விதிக்கு மூன்றாண்டு இடைவெளி தரப்பட்டுள்ளது என்பது உண்மை. ஆனால் கிணற்றை மூடிவிட்டுக் குடத்தை நிரப்பு என்றால் எவன் நிரப்புவான்?

தம்பி! இப்பொழுது உம் வினாவுக்கு விடை சொல்கின்றேன்.

ஒரு மொழியினம் தன் நிலத்தின் தாங்குதிறனை எண்ணி, வருவோர்க்கு அளவு வகுக்கலாமா? வகுக்கலாம். அதற்குரிய உரிமை, தொலைவில் அமர்ந்த நடுவணரசினும் அம்மொழி வாழும் நிலத்திற்கே பொருந்தும். பெரும்பான்மை மொழிக்கு வருகையால் அழிவில்லை. இழப்பதற்குரியதை உடையவனே அளவறிந்து சொல்லத் தக்கவன். கியூபெக் அவ்வுரிமையைச் சண்டையாலன்றி உடன்படிக்கையாற் பெற்றது பாராட்டுக்குரியது. எத்தனை வீடு உண்டு, எத்தனை பள்ளி உண்டு, எத்தனை ஆசிரியர் உண்டு என்று பார்த்து, அத்தனைக்கு ஏற்ப அழைப்பது வந்தவர்க்கும் நன்மையே.

அது மட்டும் மொழியைக் காக்குமா? காக்காது. முப்பதாண்டுகளுக்கு மேலாக வாயிலைக் காத்த கியூபெக்கில், வீட்டிற் பெரும்பாலும் பிரெஞ்சே பேசுவோர் 2016-இல் 79 விழுக்காடாக இருந்து 2021-இல் 77.5 ஆகக் குறைந்தனர். காவலன் விழித்திருந்தும் கலம் குறைந்தது. பள்ளிச்சட்டமோ ஒரு தலைமுறைக்குள் பல்லாயிரம் பிள்ளைகளை அம்மொழிக்கு ஈட்டித் தந்தது. வேலியாற் கிடைத்தது காலம். பள்ளியாற் கிடைத்தது மக்கள்.

அறமாகுமா என்றால், அது வேலியின் உயரத்தைப் பொறுத்ததன்று. வேலிக்குள் வந்தவனை நடத்தும் முறையைப் பொறுத்தது. பத்துப் பேரை அழைத்துப் பத்துப் பேரையும் ஒரே முதலாளியின் கொட்டிலிற் கட்டிவைத்தல், நூறு பேரை அழைத்து மாந்தராக வாழவிடுவதினும் இழிவு. உழைப்பைப் பெற்றுக்கொண்டு மொழியைக் கொடுக்க மறுப்பவன், பின்னர் "இவன் என் மொழி பேசவில்லை" என்று குறைகூறுதல் நேர்மையன்று. மொழி வேண்டும் என்போர் முதலில் மொழியைக் கொடுக்க வேண்டும்.

முடிக்குமுன் ஒன்று. நம் தெருக்களில் கட்டடம் எழுப்பும் ஒடியத் தொழிலாளியும் பீகார்த் தொழிலாளியும் அயல்நாட்டார் அல்லர். இந்திய அரசியற் சட்டத்தின்படி எங்கும் சென்று வாழும் உரிமை அவர்க்கும் உண்டு; நமக்கும் உண்டு. கியூபெக் பெற்றது போன்ற வாயிலுரிமை நம் மாநிலங்களுக்கு இல்லை. ஆதலின் அவ்வேலியைப் பற்றி நாம் ஈண்டு வழக்காடிப் பயனில்லை. ஆனால் வேலியினும் வலிதென நாம் கண்ட மற்றொன்று நம் கையில் இருக்கின்றது. அதற்கு எவர் இசைவும் வேண்டா.

அவனிடம் அரைகுறை இந்தியிற் பேசித் தன் புலமையைக் காட்டுவோர் நம்முள் எத்தனை பேர்! மண்ணள்ள வந்தவனுக்குத் தமிழ் கற்க விருப்பமில்லை என்று நாமே முடிவுகட்டிவிடுகின்றோம். விருந்தோம்பலுக்குத் திருக்குறளில் தனியோர் அதிகாரம் வகுத்துவைத்த மொழியை உடைய நாம், விருந்தினனுக்கு அம்மொழியையே பரிமாற மறந்துவிட்டோம். நம் பள்ளிக்கட்டடங்கள் மாலை ஐந்து மணிக்குமேல் வெறுமையாகக் கிடக்கின்றன. வாரத்தில் இரண்டு மாலை, இரண்டு ஆசிரியர், ஒரு கரும்பலகை போதும்.

யான் ஒரு மாலையை ஏற்றுக்கொள்கின்றேன். வினாக் கேட்ட தம்பி, மற்றொரு மாலையை நீர் ஏற்றுக்கொள்வீரா?